ஆட்டக்காரர் வாத்தியார் ஆகும்போது: ஹைதராபாத் கால்பந்திலிருந்து சில கணக்குகள்

2018 மார்ச்சில் கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணி தன் ஆட்டக்காரர் ஒருவரையே பயிற்சியாளராகவும் ஆக்கியது. அவர் அயர்லாந்துக்காக 146 ஆட்டங்களில் 68 கோல் போட்ட ராபி கீன். அப்போது வயது 37. டெடி ஷெரிங்காம் பாதியில் போய், அடுத்து வந்த ஆஷ்லி வெஸ்ட்வுட்டும் போய், லீக்கில் மிச்சமிருந்தது ஒரே ஓர் ஆட்டம். அதில் கீன் தானே இறங்கித் தானே கோல் போட்டு 1-0 என்று முடித்துக் கொடுத்தார். உதவிப் பயிற்சியாளராகச் சில வருடங்கள் கழித்துவிட்டு, 2023-24இல் இஸ்ரேலில் மக்காபி டெல் அவிவ் அணிக்கும், 2025இல் ஹங்கேரியில் ஃபெரென்ஸ்வாரோஸ் அணிக்கும் லீக் பட்டம் வாங்கித் தந்தார். உலகமெங்கும் வழக்கமான பாதை இதுதான். ஆட்டத்தில் பெயர் எடுக்கிறார்கள், கால் தளர்ந்ததும் பெஞ்சுக்கு நகர்கிறார்கள். ஆட்டக்காலத்தில் சேர்த்த மரியாதை பயிற்சியாளர் வேலைக்கு முன்பணமாகிறது.

இந்தப் பாதை நம் ஊரில் எப்படி வேலை செய்தது என்று பார்க்க ஹைதராபாத்தைவிடப் பொருத்தமான நகரம் கிடையாது. கொல்கத்தாவில் ரசிகர் கூட்டம் பெரிது, கோவாவில் கிளப்புகள் அதிகம். ஆனால் ஆட்டக்காரரும் பயிற்சியாளரும் ஒரே தொழுவத்திலிருந்து இரண்டு மூன்று தலைமுறைக்கு வந்தது இங்கேதான். வேடிக்கை என்னவென்றால், அந்த வரிசையின் தலைமகன் கீன் போன பாதையில் வந்தவரே அல்ல.

சையத் அப்துல் ரஹீம் 1909இல் ஹைதராபாத்தில் பிறந்தார். உஸ்மானியா பல்கலைக்கழக அணியிலும் உள்ளூர் கிளப்புகளிலும் ஆடினார். கெட்டிக்கார ஆட்டக்காரர்தான், ஆனால் ஊர் தாண்டிப் பெயர் எடுத்தவர் இல்லை. பிழைப்பு பள்ளிக்கூட வாத்தியார் வேலை. உடற்பயிற்சிக் கல்வியில் பட்டயமும் வாங்கியிருந்தார். 1943இல் ஹைதராபாத் கால்பந்து சங்கத்தின் செயலாளர் ஆனார். நகரப் போலீஸ் அணியின் பயிற்சியும், 1950லிருந்து இந்திய அணியின் பயிற்சியும் அவர் கைக்கு வந்தன. 1963இல் சாகும்வரை இந்த மூன்று பொறுப்பும் அவரிடமே இருந்தன. ஊரில் இன்றும் 'ரஹீம் சாஹிப்' என்றுதான் சொல்வார்கள்.

கிடைத்த பலனைப் பார்த்துவிடலாம். ஹைதராபாத் நகரப் போலீஸ் அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை வாங்கியது. டூரண்ட் கோப்பையும் பல முறை வந்தது. ஹைதராபாத் மாநில அணி 1956-57, 1957-58 என்று அடுத்தடுத்து இரண்டு முறை சந்தோஷ் டிராபி வென்றது. இந்திய அணி 1951இல் டெல்லி ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கியது. இறுதி ஆட்டத்தில் மேவாலால் போட்ட ஒரே கோலில் ஈரான் தோற்றது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நெவில் டிசூசா மூன்று கோல் போட, ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்று அரையிறுதிக்குப் போய் நான்காமிடத்தில் நின்றது. ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதி கண்ட முதல் ஆசிய அணி அதுதான். அந்த அணியில் எட்டுப் பேர் ஹைதராபாத் ஆட்டக்காரர்கள் என்பது ஊர்க்காரர்கள் விரல் மடித்துச் சொல்லும் கணக்கு. 1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் மறுபடியும் தங்கம்.

நடுவே ஒரு பெரிய அடியும் உண்டு. 1952 ஒலிம்பிக்கில், ஹெல்சிங்கி குளிரில், யூகோஸ்லாவியா 10-1 என்று அடித்தது. நம்மவர்கள் பலர் அதுவரை வெறுங்காலில் ஆடிப் பழகியவர்கள். அதன் பிறகே பூட்ஸ் கட்டாயமானது. வேறொரு பயிற்சியாளர் என்றால் அந்தத் தோல்வியோடு மூட்டை கட்டியிருப்பார். ரஹீம் குறிப்பெடுத்துக்கொண்டு திரும்பினார் என்றே நினைக்கிறேன். ஹங்கேரிக்காரர்கள் நடு முன்கள ஆட்டக்காரரைப் பின்னால் இழுத்து எதிரணித் தடுப்பைக் குழப்பிக்கொண்டிருந்த காலம் அது. அந்த யோசனையின் சாயல் சீக்கிரமே இந்திய ஆட்டத்தில் தெரிய ஆரம்பித்தது.

அவருடைய பயிற்சி முறையில் வாத்தியாரின் கை நன்றாகத் தெரியும். பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு வித்தை காட்டுவது அவருக்குப் பிடிக்காது. ஒரு தொடலில் வாங்கி, அடுத்த தொடலில் கொடுத்துவிட வேண்டும். பலவீனமான காலால் மட்டுமே ஆட வேண்டும் என்று விதி வைத்து இளைஞர்களுக்குப் போட்டி நடத்தினார். வலதுகால்காரன் இடதுகாலால் அடிக்கப் பார்த்துப் பந்து பக்கத்து ஆள் முதுகில் படுகிற காட்சியை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் இரண்டு மாதம் அப்படி ஆடினவனை எந்தப் பக்கம் மடக்குவது என்று எதிராளிக்குத் தெரியாமல் போகும். நோட்டில் ஒரே எழுத்தை நூறு முறை எழுத வைக்கிற புத்திதான் இது. களத்தில் பெரிய பெயர் எடுத்தவருக்கு இந்தப் பொறுமை லேசில் வராது. தனக்குத் தானாக வந்த ஒன்றை வராதவனுக்குச் சொல்லிக் கொடுக்கத் தெரியாமல் தடுமாறுவார்.

துளசிதாஸ் பலராமை எடுத்துக்கொள்ளுங்கள். செகந்திராபாத்தை ஒட்டிய அம்முகுடாவில் தமிழ்க் குடும்பத்தில் 1930களில் பிறந்தவர். கண்டோன்மென்டையும் ரயில்வேயையும் நம்பி மெட்ராஸ் பக்கமிருந்து போய்க் குடியேறியவர்களின் தெருக்கள் அந்தப் பகுதியில் நிறைய உண்டு. பழைய போலீஸ் பூட்ஸிலிருந்து செருப்புத் தைக்கிறவர் செய்து கொடுத்த கால்பந்து பூட்ஸ்தான் அவருடைய முதல் சொத்து. ரஹீம் கண்ணில் பட்டபோது, பயிற்சிக்கு நகரத்துக்கு வந்துபோகக் காசில்லை என்று சொல்லியிருக்கிறார். சைக்கிள் வாடகைக்கு ரஹீம் காசு கொடுத்தார். இந்தக் கதையை பலராமே பின்னாளில் சொன்னதுண்டு. 1956இல் அந்தப் பையன் மெல்போர்னில் இருந்தார். 1960இல் ரோமில் ஹங்கேரிக்கு எதிராகக் கோல் போட்டார். 1962இல் கழுத்தில் தங்கம், அதே ஆண்டுக்கான அர்ஜுனா விருதும். உடல்நிலை படுத்த, அடுத்த வருடமே ஆட்டத்தை விட்டார். சைக்கிள் வாடகை கொடுக்கிற பயிற்சியாளர் உலகத்தில் நிறையப் பேர் இருப்பார்கள். ஆனால் அப்படிக் கூட்டிவந்த பையனை உள்ளூர்க் கிளப்பில் சேர்க்க, மாநில அணிக்கு எடுக்க, இந்திய அணிக்குக் கொண்டுபோக எல்லா வாசலிலும் கையெழுத்துப் போடும் அதிகாரம் ஒரே ஆளிடம் இருந்தது இங்கே மட்டும்தான். போலீஸ் அணியில் இடம் என்றால் மாதச் சம்பளமும் கூடவே வந்தது. ஏழை வீட்டுப் பையனின் அப்பா கேட்கிற முதல் கேள்விக்கு அதுவே பதில்.

ஜகார்த்தாவைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம், ஏனென்றால் ரஹீமின் வேலை முழுவதும் அந்தப் பத்து நாளில் சுருங்கிக் கிடக்கிறது. முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 2-0 தோல்வி. அதன்பின் தாய்லாந்தை 4-1, ஜப்பானை 2-0 என்று வென்றார்கள். தடுப்பு ஆட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தது. அவரைப் பின்னால் நிறுத்த முடியாது. வேறு யாராக இருந்தாலும் அவரை வெளியே உட்கார வைத்திருப்பார்கள். ரஹீம் முன்கள ஆட்டக்காரராக இறக்கினார். தெற்கு வியட்நாமுக்கு எதிரான அரையிறுதியில் 3-2. அதில் ஒன்று ஜர்னைல் போட்டது. இறுதி ஆட்டத்தில் மறுபடியும் தென் கொரியா. காய்ச்சலில் கிடந்து எழுந்த உயரமான பீட்டர் தங்கராஜைக் கோல்கீப்பராகத் திரும்பக் கொண்டுவந்தார். தங்கராஜும் ஹைதராபாத்தில் பிறந்தவர், பெயரே சொல்கிறது எந்த வீட்டுப் பிள்ளை என்று.

அரங்கில் இருந்த கூட்டம் முழுவதும் நமக்கு எதிராக இருந்தது. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா அழைக்காததால் இதை ஆசிய விளையாட்டு என்று அழைக்கக் கூடாது என்ற பேச்சை இந்தியப் பிரதிநிதி சோந்தி எழுப்பியிருந்தார். அந்தக் கோபம் நம் ஆட்டக்காரர்கள் மேல் இறங்கியது. தேசிய கீதத்தின் போதே கூச்சல். 1962 செப்டம்பர் 4. பி.கே. பானர்ஜி ஒரு கோல், சில நிமிடத்தில் ஜர்னைல் இன்னொன்று. கொரியா கடைசியில் ஒன்றைத் திருப்பியது. 2-1. ஒன்பது மாதம் கழித்து, 1963 ஜூன் 11 அன்று நுரையீரல் புற்றுநோயால் ரஹீம் இறந்தார். வயது 53. ஆசிய விளையாட்டில் கால்பந்துத் தங்கம் அதற்குப் பிறகு நமக்கு வந்ததே இல்லை. 2024இல் 'மைதான்' படத்தில் அஜய் தேவ்கன் அவராக நடித்த பிறகு புதுத் தலைமுறைக்கும் பெயர் தெரிந்திருக்கிறது. படம் கடைசி ஆட்டத்தை மெய்சிலிர்க்கக் காட்டுகிறது. இருபது வருடம் சங்க அலுவலகத்தில் ரஹீம் புரட்டிய தாள்களைக் காட்டினால் யார் டிக்கெட் வாங்குவார்கள்?

அவருக்குப் பின் வந்தவர்களைப் பார்த்தால்தான் கேள்வி சூடு பிடிக்கும். ஏனென்றால் இவர்கள் கீனின் பாதையில் வந்தவர்கள். முதலில் பெரிய ஆட்டக்காரர்கள், பிறகு பயிற்சியாளர்கள்.

முதலில் சையத் நயீமுதீன். ஹைதராபாத் போலீஸில் வளர்ந்து கொல்கத்தா போனவர். 1970இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் வெண்கலம் வாங்கிய அணியின் தலைவர். அந்த வருடமே அர்ஜுனா. பயிற்சியாளராக 1990இல் ஈஸ்ட் பெங்காலுக்கு ஐ.எஃப்.ஏ. ஷீல்டு, டூரண்ட், ரோவர்ஸ் மூன்றையும் ஒரே சீசனில் வாங்கிக் கொடுத்தார். துரோணாச்சாரியா விருதும் அந்த ஆண்டுக்குத்தான். ஆட்டத்துக்கு அர்ஜுனா, பயிற்சிக்கு துரோணாச்சாரியா என்று இரண்டையும் கையில் வைத்திருக்கும் இந்தியக் கால்பந்துக்காரர் அவர். இந்திய அணியை ஒன்றுக்கு மேற்பட்ட முறை நடத்தினார், வங்கதேச அணிக்கும் போனார். கண்டிப்புக்குப் பெயர் போனவர். ஓட்டம், உடற்பயிற்சி, சாப்பாட்டில் கட்டுப்பாடு. இதில் தளர்வே கிடையாது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் அவரிடம் ஆடியவர்கள் திட்டிக்கொண்டே மரியாதை செலுத்துகிற பாணி ஒன்று உண்டு. ரஹீமிடம் இருந்த ஒழுங்கு இவரிடம் முழுசாக வந்தது என்று தாராளமாகச் சொல்லலாம். ஆனால் ரஹீமுக்கு ஒரே அணி வருடக்கணக்கில் கையில் இருந்தது. நயீமுக்கு சீசனுக்குச் சீசன் வேறு கிளப், வேறு முதலாளி.

முகமது ஹபீப் வேறு ரகம். அவரை 'படே மியான்' என்றே அழைத்தார்கள். வேலை கொடுக்கிறோம் என்று வந்த நிறுவனங்களை ஒதுக்கிவிட்டு ஆட்டத்தையே தொழிலாகக் கொண்டதால் இந்தியாவின் முதல் தொழில்முறைக் கால்பந்து ஆட்டக்காரர் என்று அவரைச் சொல்வதுண்டு. 1977 செப்டம்பரில் ஈடன் கார்டனில் பெலே ஆடிய நியூயார்க் காஸ்மோஸுக்கு எதிராக மோகன் பகான் 2-2 என்று சமன் செய்த ஆட்டத்தில் ஒரு கோல் ஹபீபுடையது. ஓய்வுக்குப் பின் ஜாம்ஷெட்பூரில் டாடா கால்பந்து அகாடமியில் பையன்களுக்குப் பயிற்சி கொடுத்தார். ரஹீமிடம் இருந்த பள்ளிக்கூட வாத்தியார் பாதி இவரிடம் போய்ச் சேர்ந்தது. ஆனால் பள்ளிக்கூடம் ஜாம்ஷெட்பூரில் இருந்தது, ஹைதராபாத்தில் இல்லை. 2023 ஆகஸ்ட் 15 அன்று ஹைதராபாத்தில் இறந்தார். அதே வருடம் பிப்ரவரியில்தான் பலராம் வங்காளத்தில் போய்ச் சேர்ந்திருந்தார்.

ஷபீர் அலி 1974இல் ஆசிய இளைஞர் கோப்பையை ஈரானோடு பகிர்ந்துகொண்ட இந்திய அணியின் தலைவர். 1998-99இல் கோவாவின் சல்காவ்கர் அணியை தேசிய லீக் பட்டத்துக்குக் கொண்டுபோனவர். அவர் வெற்றியும் வெளியூரில். ரஹீமின் மகன் எஸ்.எஸ். ஹக்கீம் ரோம் ஒலிம்பிக் அணியில் இருந்தவர், விமானப் படை அதிகாரி, சர்வதேச நடுவர், 1982 ஆசிய விளையாட்டில் பி.கே. பானர்ஜிக்கு உதவிப் பயிற்சியாளர். பானர்ஜியும் ஒரு வகையில் இந்த வீட்டுப் பிள்ளைதான். ஆட்டத்துக்கு முன் வார்த்தையாலேயே ஆட்டக்காரர்களை உசுப்பிவிடும் அவருடைய திறமைக்கு வித்து ரஹீமின் உடைமாற்றும் அறையில் விழுந்தது.

இந்த வரிசையை வைத்துக்கொண்டு ஊரில் இரண்டு வாதம் நடக்கும். ரஹீம் போல ஒருத்தன் மறுபடி பிறக்கவில்லை, அவ்வளவுதான் என்பது முதல் வாதம். டீக்கடையில் இது எடுபடும். மேலே சொன்ன பெயர்களைப் பார்த்தால் நிற்காது. திறமைக்கு என்ன குறை? மூன்று கோப்பையை ஒரே சீசனில் வாங்குகிறவர், தேசிய லீக் வெல்கிறவர், அகாடமி நடத்துகிறவர் எல்லாரும் இதே ஊர்க்காரர்கள்தானே. ரஹீமின் ஒவ்வொரு துண்டும் யாரோ ஒருவரிடம் இருந்தது.

இன்னொரு வாதம் பணம். கொல்கத்தா கிளப்புகள் கூடுதல் காசு கொடுத்து ஆட்டக்காரர்களை அள்ளிக்கொண்டு போய்விட்டன என்பார்கள். அது நடந்தது உண்மைதான். பலராம் 1957லேயே ஈஸ்ட் பெங்காலுக்குப் போய்விட்டார். ஆனால் அவர் போன பிறகும் அந்தத் தசாப்தத்தில் ஹைதராபாத் கோப்பை வாங்கிக்கொண்டுதான் இருந்தது. ஒரு பலராம் போனால் அடுத்தவன் வரிசையில் நின்றான். போகிறவர்களால் குளம் வற்றாது, வாய்க்கால் அடைபட்டால்தான் வற்றும்.

எனக்குப் படுவது இது. ரஹீமுக்குக் கிடைத்த ஏற்பாடு அவருக்குப் பின் யாருக்கும் கிடைக்கவில்லை. பள்ளிக்கூடம், உள்ளூர் லீக், போலீஸ் வேலை, மாநில அணி, இந்திய அணி என்று ஒரு சங்கிலி. அதன் எல்லாக் கண்ணியிலும் ஒரே ஆள். பின்னால் வந்த பயிற்சியாளர்களுக்கு ஓர் அணி கொடுத்தார்கள், சங்கிலியைக் கொடுக்கவில்லை. போலீஸ் அணி மெல்ல மங்கியது. சங்கத்தில் கோஷ்டி பூசல். ஃபத்தே மைதான் லால் பகதூர் மைதானமாகி, சர்வதேசக் கிரிக்கெட்டுக்குப் பேர் போனது. கடைசியாக ஆந்திரப் பிரதேசம் சந்தோஷ் டிராபி வென்றது 1965-66இல், அதாவது ரஹீம் வளர்த்த பையன்கள் இன்னும் ஆடிக்கொண்டிருந்த காலத்தில்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். எல்லாக் கண்ணியும் ஒருவர் கையில் இருப்பது ஆரோக்கியமான ஏற்பாடு அல்ல. செயலாளரும் அவரே, பயிற்சியாளரும் அவரே, தேர்வாளரின் காதும் அவரிடமே என்றால் இன்றைக்கு நாம் கொடி பிடிப்போம். ரஹீம் யோக்கியர் என்பதால் அது நல்லபடியாக முடிந்தது. அவர் ஒரு வாரிசை உட்கார வைத்துவிட்டுப் போகவில்லை. அதற்கு அவருக்கு நேரமும் கிடைக்கவில்லை. ஆள் போனதும் பதவிகள் மூன்றாகப் பிரிந்து, மூன்று திசையில் இழுக்க ஆரம்பித்தன.

இடையில் இன்னொரு மாற்றமும் வந்தது. அனுபவம் போதும் என்ற காலம் போய், ஆசியக் கூட்டமைப்பின் லைசென்ஸ் இருந்தால்தான் பெஞ்சில் உட்காரலாம் என்றானது. பழைய கைகள் பல அதில் அடிபட்டன. 2012-13இல் சர்ச்சில் பிரதர்ஸ் ஐ-லீக் வென்றபோது மூத்த பயிற்சியாளர் சுபாஷ் பௌமிக் 'தொழில்நுட்ப இயக்குநர்' என்ற பெயரில்தான் இருக்க முடிந்தது, அவரிடம் 'ஏ' லைசென்ஸ் இல்லை. இந்த விதியை நான் குறை சொல்ல மாட்டேன். யோசித்துப் பார்த்தால் இது ரஹீமின் கட்சி. உடற்பயிற்சிக் கல்வியில் பட்டயம் வாங்கிவிட்டு வந்த வாத்தியார் அவர். பயிற்சி கொடுப்பது தனிப் படிப்பு என்று அன்றே நம்பியவர்.

2019இல் ஹைதராபாத்துக்கு மறுபடி ஒரு பெரிய கிளப் வந்தது. புனேயில் இருந்த உரிமத்தை எடுத்து ஹைதராபாத் எஃப்.சி. என்று தொடங்கினார்கள். மைதானம் கச்சிபௌலியில், ஐ.டி. கம்பெனிகளுக்கு நடுவே. 2020இல் ஸ்பெயின்காரர் மனோலோ மார்க்வெஸ் வந்தார். ஆட்டக்காரராகப் பெரிய பெயர் எடுத்தவர் இல்லை. இளைஞர்களை இறக்கி ஆட வைப்பதில் துணிச்சல்காரர். ஒரு விதத்தில் ரஹீம் ரகம். 2022 மார்ச் 20 அன்று ஃபடோர்டாவில் கேரளா பிளாஸ்டர்ஸுடன் 1-1. பெனால்டியில் கோல்கீப்பர் லக்ஷ்மிகாந்த் கட்டிமணி மூன்றைத் தடுக்க, ஐ.எஸ்.எல். கோப்பை ஹைதராபாத்துக்கு. தொடக்கப் பதினொருவரில் ஹைதராபாத் பையன் ஒருவன்கூட இல்லை. 1956 ஒலிம்பிக் அணியில் எட்டு, 2022 ஊர் அணியில் சுழியம். மார்க்வெஸ் மேல் இதில் ஒரு குற்றமும் இல்லை, அவருக்கும் அணிதான் கொடுத்தார்கள்.

அவர் போனபின் நடந்தது எல்லாரும் அறிந்தது. பணப் பிரச்சினை, ஃபிஃபா தடை, ஆட்டக்காரர்கள் கூட்டமாக வெளியேறியது. 2024 செப்டம்பரில் மார்க்வெஸ் இந்தியப் பயிற்சியாளராகத் தன் முதல் ஆட்டத்தை அதே கச்சிபௌலியில்தான் நடத்தினார், மொரீஷியஸுடன் 0-0. அடுத்த ஆட்டத்தில் சிரியா 3-0 என்று வென்றது. 2025இல் அவர் விலக, முன்னாள் ஆட்டக்காரர் காலித் ஜமீலுக்கு அந்தப் பொறுப்பு. அதே வருடம் ஹைதராபாத் எஃப்.சி. பெயரை மாற்றிக்கொண்டு டெல்லிக்குக் குடிபோய்விட்டது.

கிளப் போனாலும் பந்து போகவில்லை. ஹைதராபாத்தின் தென்கோடியில் பார்கஸ் என்று ஒரு பகுதி. நிஜாம் படையில் வேலைக்கு வந்த ஹத்ரமௌத் அரபிகளின் வம்சம். 'பாரக்ஸ்' என்பதுதான் பார்கஸ் ஆயிற்று. ஆண்கள் லுங்கி கட்டியிருப்பார்கள். குளிர்கால விடியலில் கடைகளில் கோதுமையும் இறைச்சியும் குழைந்த ஹரீஸ் ஆவி பறக்கும். பக்கத்து மைதானத்தில் புல்லைவிட மண் அதிகம். போன தடவை போனபோது அங்கே நரைத்த தாடிக்காரர் ஒருவர் விசிலோடு நின்றிருந்தார். பத்துப் பன்னிரண்டு வயசுப் பையன்கள். ஒருவன் பந்தை வாங்கி இரண்டு பேரை ஏமாற்றிவிட்டு மூன்றாவது ஆளிடம் போகப் பார்த்தான், அழகாகத்தான் இருந்தது. விசில் ஊதியது. பெரியவர் பந்தை வாங்கி அடுத்தவன் காலடியில் வைத்தார். பிறகு அந்தப் பையனின் வலதுகாலைத் தன் கைத்தடியால் தட்டிக் காட்டி, இந்தக் கால் இன்றைக்கு லீவு என்று உருதுவில் சொன்னார்.